இரவல் க்யூவில் வந்த வளைவு

1998 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. டெக்சாஸ் இர்விங்கில் 88 டிகிரி ஃபாரன்ஹீட், ஒரு மேகம் கிடையாது. கோவையில் இருபத்தாறு வருடம் டூல் ரூமில் இருந்துவிட்டு, இங்கே ஹேங்க் என்பவரின் கடையில் பில்லியர்ட்ஸ் ஆடும் கோலான க்யூவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லாஸ் கொலினாஸில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் செந்தில் ஒரு க்யூவோடு ஓடி வந்தான்.

"அங்கிள், இது வளைஞ்சிருச்சு. என் மேனேஜரோடது. ப்ராக்டிஸ் பண்ணுன்னு குடுத்தார். இன்னைக்கு ஆறரைக்கு பிளானோல லீக் ஃபைனல், இதுலதான் அவர் ஆடணும்."

"நல்ல ஆள்கிட்ட இரவல் வாங்கினே."

"அடுத்த வாரம் என் கிரீன் கார்டு பேப்பர்ல கையெழுத்துப் போடறவரே அவர்தான் அங்கிள்."

ஒருவர் கையால் செய்த க்யூ. பிடிப்பக்கம் கருங்காலி, வெள்ளி வளையம். இரண்டாயிரம் டாலருக்குக் குறையாது. மேஜையில் உருட்டினேன். நுனி எழும்பி எழும்பி இறங்கியது.

"ஷாஃப்ட் போச்சு" என்றார் ஹேங்க். "புதுசு செய்ய நாலு வாரம்."

"ஆவி காட்டி நிமிர்த்த முடியாதா?" என்று செந்தில் கேட்டான்.

"நிமிரும். ஃபைனல் பாதியில மறுபடி வளையும்" என்றார் ஹேங்க்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. க்யூவைக் கழற்றி முன்பாதியான ஷாஃப்ட்டைத் தனியாக உருட்டினேன். நேர். பின்பாதியை உருட்டினேன். அதுவும் நேர். சேர்த்தால் மட்டும் கோணல். ஹேங்க் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஷாஃப்ட்டின் வாயில், பின்பாதியோடு சேரும் இடத்தில், மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

அந்த மஞ்சளைக் காட்டியதும் செந்தில் மனைவிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான்.

"ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டர், கார் சாவி எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சேன் அங்கிள். இதுல மட்டும் பாலிஷ் மேல வெச்சா கறையாயிடுமேன்னு, கழட்டி, வெளிய தெரியாத எடமா பாத்து வெச்சேன்" என்றாள் வித்யா. "ஏன், பெயர்ந்து வந்துருச்சா?"

பெயரவில்லை. கல்லாகிவிட்டது. மறுநாள் இவன் இறுக்கி முறுக்கியதில் வாயின் ஒரு ஓரத்தை அழுத்திப் பள்ளமாக்கிவிட்டது. தண்ணீர் பட்டால் மரம் ஊதும் என்பதால் பல்குச்சியால் காய்ந்தபடியே சுரண்டினேன். பாதி கோணல் போயிற்று. மீதிக்கு லேத்தில் மாட்டி வாயை ஃபேஸிங் பண்ணி, அதாவது மட்டமாகச் சீவி, ஆக வேண்டும்.

ஹேங்க் சுவிட்சை மறித்து நின்றார். "ஓனரைக் கேக்காம இதுல கத்தி வைக்கக் கூடாது."

"சொன்னா என் கதை முடிஞ்சது அங்கிள்" என்றான் செந்தில். ஆனாலும் போனை எடுத்தான். சந்தனம் உட்பட எல்லாவற்றையும் சொன்னான். மேனேஜர் ஹேங்கைப் போனில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாராம், என் கை நடுங்குமா என்று.

"ரொம்பக் கவலைப்படுவான். கை நடுங்காது" என்றார் ஹேங்க்.

சக்கில் பிடித்து, டயல் வைத்து, அரை தவு அரை தவாக (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) நான்கு முறை எடுத்தேன். மூச்சை அடக்கியே எடுத்தேன். மாட்டி உருட்டினேன். மேஜைக்கும் க்யூவுக்கும் நடுவே வெளிச்சம் ஒரே கோடாக நின்றது. ஹேங்க் என் முதுகில் அறைந்தார்.

செந்திலை இறக்கிவிட்டு வித்யா காரை எடுத்துப் போயிருந்தாள். பிளானோ மேஜையிலும் அது நேராக உருள்வதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் காரிலேயே கிளம்பும்போது மணி ஐந்தரை. சுங்கச் சாலையான டோல்வேயில் 60 மைல் எல்லைக்கு 74 போனேன். போலீஸ் நிறுத்தி அபராதச் சீட்டு எழுதி முடிக்கப் பதினொரு நிமிடம். பக்கத்தில் செந்தில் க்யூவைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தான். 6.21-க்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேனேஜர் வாங்கி உருட்டினார். குனிந்து பார்த்தார். மறுபடி உருட்டினார். முதல் அடி அடித்தார். இரண்டு பந்து குழியில் விழுந்தது.

"செந்தில், அந்தப் பேப்பரைத் திங்கட்கிழமையே எடுத்துட்டு வா" என்றார், எங்கள் பக்கம் திரும்பாமலே.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வளைந்துவிட்டது என்று யார் கொண்டுவந்தாலும், மரத்தைக் குறை சொல்லும் முன் இரண்டு பாதியையும் தனித்தனியாக உருட்டிப் பாருங்கள். சொந்தக்காரரிடம் கேட்ட பிறகே கத்தியை வையுங்கள்.

பழுதுக்கூலி 40 டாலர் ஹேங்குக்குப் போயிற்று. எனக்கு அபராதம் 90 டாலர், டோல் ஒன்றரை டாலர். ஆக 91 டாலர் 50 சென்ட்.