இலை மேல் விரல் வைத்தால் பேசும்

மல்லிகா இறந்துவிட்டார். காலையில் கெலுகோரில் இருந்து அவர் தங்கை போன் செய்து சொன்னார்.

எனக்கு வேகமாக எழுத வராது... பொறுத்துப் படியுங்கள்.

நான் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடையில் வேலை பார்த்தவன். வீட்டு வைத்தியம் பகிர்ந்துகொள்ள ஓர் ஆப் வடிவமைத்தவர் மல்லிகா. நான் சொல்லச் சொல்ல டைப் செய்து, போனை நீட்டுவார். நான் பார்த்து 'சரி' அமுக்கினால்தான் அது ஆப்பில் ஏறும்.

வாரக்கணக்காக அமுக்கினேன். எல்லாமே சரி.

ஒருநாள் ஓடி வந்தார். வசம்பை உரசி குழந்தையின் தொப்புளைச் சுற்றித் 'தடவணும்' என்றுதான் நான் சொல்லியிருந்தேன். ஆப்பில் 'குடிக்கக் கொடுக்கவும்' என்று இருந்ததாம். சுங்கை பினாங்கில் ஒரு தாய், எவ்வளவு கொடுப்பது என்று முதலில் போன் செய்து கேட்டதால் பிழைத்தோம்.

"படிச்சிட்டுத்தானே அண்ணே அமுக்குனீங்க?"

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன்மா."

"போன மாசமும் வீட்டுலதான் இருந்துச்சா?"

அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

மல்லிகா கொத்தமல்லி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டைப் பண்ணதும் நான்தான், படிக்கத் தெரியுமான்னு கேக்காததும் நான்தான் லா."

ஆப்பை நிறுத்திவிட்டு முதலில் இருந்து செய்தார். இலைப் படத்தின் மேல் விரல் வைத்தால் என் குரல் பேசும். குரல் போகப் போக, கீழே ஒவ்வொரு எழுத்தாக மஞ்சளாக மாறும்...

அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சாப்பாடு மறந்துபோகும். துளசி என்று நான் சொல்வேன், துளசி என்று அது எரியும். என் வாயில் இருந்தது எல்லாம் இப்படித்தான் இருக்குமா என்று சிரிப்பேன்.

ஒரு மழை நாளில், குரல் வருவதற்கு முன்பே 'இஞ்சி' என்று படித்துவிட்டேன். கடையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் பார்க்கப் போனபோது மல்லிகா உடம்பு முடியாமல் படுக்கையில் இருந்தார். போனில் சத்தத்தை அணைத்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். கற்பூரவல்லி, ஆடாதொடை, ஓமம்... இரண்டு இடத்தில் தடுக்கியது.

பக்கத்தில் யாரோ பேசினார்கள். மல்லிகா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"கொஞ்சம் சும்மா இருங்க லா. எங்க அண்ணன் படிக்கிறாரு."

மெதுவாகப் போம்மா.