மரத்துப்போன இடது கை

அந்த மோட்டார் சைக்கிளை நான் வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன். என் தொழில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கல்வராயன் மலை வளைவுகளில் ஏறிக் கரியாலூர் வரை போவேன். மலையில் என்னை டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு வாய் வலித்ததால் விட்டுவிட்டேன்.

இது கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. இடது கையை மாட்டின் ஆசனவாய்க்குள் முழங்கை வரை விட்டு, குடலுக்குக் கீழே இருக்கும் கருப்பை வாயைத் தடவிப் பிடிக்க வேண்டும். வலது கையில் இருக்கும் ஊசிக் குழாய் எங்கே போக வேண்டும் என்பதை அந்த விரல்கள்தான் சொல்லும். இடம் கொஞ்சம் தப்பினாலும் மாடு சினை பிடிக்காது. அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கைதான் கரியாலூர் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். நாலாவது வளைவில் சுண்டு விரலில் எறும்பு ஊரத் தொடங்கும். மேலே ஏறியதும் கை முழுக்க மரத்துப்போயிருக்கும். கிளட்ச்சைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்றே தெரியாது.

யோசனை சொல்ல மட்டும் ஊரில் ஆள் குறைச்சலே இல்லை. மெக்கானிக் பஞ்சுக் கைப்பிடி மாட்டிவிட்டு, "நீங்க இன்னா ரேஸா வுடுறீங்க, இந்தப் புடி புடிச்சிக்கினு?" என்று சிரித்தான். மச்சான் தடிமனாகக் கையுறை வாங்கிக் கொடுத்தான். டீக்கடைக்காரர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். எல்லாம் தண்டம். எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று பேரையும் அந்த வண்டியில் உட்காரவைத்து மலையேற்றியிருக்க வேண்டும்.

வண்டியில் இருந்த கேனைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. உறையவைத்த காளை விந்துக் குச்சிகளைக் கெடாமல் இருக்க நைட்ரஜன் கேனில் போட்டு எடுத்துப்போவோம். கேன் கவிழ்ந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் வீண். அதனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதைக் கண் முன்னால் இருக்கட்டும் என்று பெட்ரோல் டேங்க் மேலேயே கட்டிக்கொள்வார்கள். நானும் கட்டினேன். கேனுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, அதைத் தாண்டிக் கையை நீட்டி ஓட்டினேன். முட்டியால் டேங்கை அணைக்க முடியாது. உடம்பின் கனம் முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்கும்.

கரியாலூரில் ஒரு அம்மா இருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் ஒரே ஒரு பசு. நான் இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது தடவை மாட்டுக்குப் பருவம் வந்ததும் போன் செய்தார்.

"மாடு கத்துது டாக்டரே. இந்தவாட்டியும் நிக்கலன்னா அடிமாட்டுக்குப் புடிச்சிக் குடுத்துடுவேன்னு வூட்டுக்காரர் சொல்லிக்கினு இருக்காரு."

போனதும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். வலது கையில் பை இருந்ததால் இடது கையில் வாங்கி, நின்றபடியே குடித்தேன். அவர் என் கையையே பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

மாட்டுக்குள் கைவிட்டேன். எது குடல், எது கருப்பை வாய் என்று தெரியவில்லை. கை மரத்திருக்கிறது, அரை மணி நேரம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் என்று கூப்பிடுகிறவர் முன்னால் சொல்ல வெட்கம். குத்துமதிப்பாகச் செலுத்திவிட்டுக் கையை உருவினேன்.

"நிக்குங்களா?" என்றார்.

"என் வேலைய நான் சரியா செஞ்சிட்டேன். இதுக்கு மேல நிக்கலன்னா மாட்டுலதான் கோளாறு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னாள். நான் வாயில்லா ஜீவனைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக் கை கழுவும்போதுதான் பார்த்தேன், இடது கை விரல்களில் கொப்புளம். எங்கே சுட்டுக்கொண்டேன் என்று யோசித்து யோசித்து அந்த டம்ளரில் வந்து நின்றேன். சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. இந்தக் கையோடுதான் மாட்டைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரியே வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில், கேனைத் தாண்டிக் கையை நீட்டுவதுதான் கோளாறு என்று புரிந்தது. மறுநாளே கேனை அவிழ்த்தேன். பின்னால் இரும்புக் கேரியர் அடித்து, சாக்கு சுற்றி இறுக்கிக் கட்டினேன். முட்டியால் டேங்கை அணைத்து, முழங்கையை மடக்கி, கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்து ஓட்டினேன். நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உதறினேன். பத்தே நாளில் மரப்பு போய்விட்டது. இதற்கு மூன்று வருஷம் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்றால் என்னை எதால் அடிப்பது?

அந்த அம்மாவுக்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. மாடு மறுபடி கத்தினால் அவரே கூப்பிடுவார், இந்த முறை சரியாகப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். நாலாவது தடவை அவர் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊசி போடப் போனேன். அவர் வாசலில் மாடு கட்டுகிற முளைக்குச்சி மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே போய், கேட்காமலே டீ கொண்டுவந்து நீட்டினார். இடது கையில் வாங்கிய வேகத்தில் சுட்டு, தடுமாறி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சுடுதுங்களா?" என்றார்.

தலையாட்டினேன்.

"அன்னிக்கும் இதே டம்ளர்தான். இதே சூடுதான். ஆவி பறக்கப் பறக்க நீங்க கெட்டியா புடிச்சிக்கினு குடிச்சீங்க. கை செத்துக் கெடக்குதேன்னு நான் அப்பவே நெனச்சேன். டாக்டருக்குத் தெரியாதான்னு வாயத் தொறக்கல. நீங்க மாட்டுலதான் கோளாறுன்னீங்க."

கீழே இருந்த டம்ளரை மறுபடி எடுத்தேன்.

"குடிங்க," என்றார். நான் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.