ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடை போடுவேன்

ஏர் ரைஃபிள் போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு குண்டையும் எடை பார்த்துப் பிரித்து வைப்பேன். துளி கனம் கூடினாலும் குண்டு குறிக்குக் கீழே போய்விடும். காற்று பட்டால் தராசில் எண் ஆடும். அதனால் மே மாத வெயிலிலும் எங்கள் செம்பாக்கத்து வீட்டில் அந்த நேரம் ஃபேன் கிடையாது.

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த என் கொழுந்தனாருக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "பேப்பர்ல ஓட்டை போட இவ்ளோ பேஜாரா அண்ணி?" என்று கேட்டபடி ஃபேனைப் போட்டார்.

எழுந்துபோய் நிறுத்தினேன். முந்தின நாள் பயிற்சியில் சுட்ட அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரே ஒரு ஓட்டைதானே இருக்கு?"

"சுட்டது அஞ்சு குண்டு."

அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அந்த அட்டையாலேயே விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

"அந்தக் காத்தும் வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த குண்டைத் தராசில் வைத்தேன்.