கை தட்டியவர்கள்

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் கிராம சபைக்கு வருகிறவர்கள், உட்காருவதற்கு முன்பே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தீர்மானத்தைப் பிறகு யாரோ எழுதிக்கொள்வார்கள். கழனி வேலைக்குப் போகும் ஒரு அம்மா மட்டும் போடமாட்டார். புடவைக்கு மேல் ஆண் சட்டை, அதன் பையில் ஒரு பேனா. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே கேட்பார்.

புதுத் தலைவர் வந்ததும், தனக்கு ஓட்டுப் போடாத எங்கள் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார். கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்றார். கொதித்துப்போய்க் கூட்டத்துக்கு வந்தோம். அவருடைய ஆட்களும் நாங்களும் கத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

"நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன், நைனா. எங்க தெருவுல தண்ணி கொட்டுது. அதே மோட்டாருதான? அவங்களுக்கு மட்டும் எப்டி ரிப்பேரு ஆவுது? நீ அவங்களுக்கும்தான பிரசிடெண்டு?"

நாங்கள் கை தட்டினோம். நான் விசிலே அடித்தேன்.

அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்குக் கை தட்றீங்க? போன பிரசிடெண்டு உங்க ஆளு. அஞ்சு வருசம் எங்க தெருவே கொடத்தத் தூக்கிக்கினு கழனிக் கெணத்துக்கு அலைஞ்சிது. அப்ப உங்கள்ல ஒருத்தனாவது வாயத் தொறந்தானா?"

பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் வீடு வந்தும் அடங்கவில்லை. தலைவர் மேல் என்றுதான் வீட்டில் சொல்லிவைத்தேன்.