மூன்று கோடு விழுந்த சீட்டு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு, கோமதி அம்மாள் மறைந்த செய்தி டெலிபோனில் வரவில்லை. தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழைய லைன்மேன் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "அண்ணாச்சி, நம்ம கோமதி மேடம் காலைல போயிட்டாவ" என்றார். பையைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரே போர்டில் ஆபரேட்டர்கள். எஸ்.எஸ்.எல்.சி.யை நான் இரண்டாம் முயற்சியில் தாண்டினேன்; அவர் முதல் முயற்சியிலேயே. வயதில் இளையவர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது.

எங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியூருக்கு அன்று இரண்டே லைன். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் லாட்ஜுகளிலிருந்து அர்ஜென்ட் கால்கள் குவியும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சீட்டு. கூடுதல் கட்டணம் கட்டிய அர்ஜென்ட் சீட்டு முதலில், சாதாரணச் சீட்டு பிறகு, அதுதான் விதி. அர்ஜென்ட் ஓயவே இல்லையென்றால் சாதாரணம் எப்போது போகும்? விதி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோமதி அவர்கள் கேட்டார். ஒரு சீட்டைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு விழுந்த சீட்டை எந்த அர்ஜென்டும் முந்த முடியாது.

"கூடக் குடுத்தவரு முன்னால போட்டும் அண்ணாச்சி. மத்தவன் போகவே கூடாதுன்னு எந்த ரூல்ல எழுதியிருக்கு?" என்பார்.

ஒரு சீசனில் ஐந்தருவிப் பக்கம் பங்களாவில் ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார். காலையிலிருந்து மெட்ராசுக்கு அர்ஜென்டுக்கு மேல் அர்ஜென்ட். லைன் சரியா என்று பார்க்கும்போது காதில் விழுந்தவரை, பாதிப் பேச்சு அவர் வீட்டு நாயின் சாப்பாடு பற்றியது. எங்கள் பெஞ்சிலோ ராயகிரி விவசாயி ஒருவர். மகளுக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஆப்பரேசன். நிலைமை மோசமென்றால் அவர் அன்றைய ரயிலைப் பிடித்தாக வேண்டும். அவருடையது சாதாரணச் சீட்டு.

மதிய ஷிப்டுக்கு வந்த கோமதி அவர்கள் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"எத்தன தடவ தள்ளுனிய?"

"எண்ணலியேம்மா."

"ஒரு கோடுகூட போடாம என்ன பண்ணுதிய?"

"பெரிய எடம்மா. வேல போயிரும்."

"போனா அருவிக்கரைல மங்குஸ்தான் விப்போம். நவுந்து உக்காருங்க."

மூன்று கோட்டை அவரே இழுத்து, ராயகிரிக்காரரை இணைத்தார். "ரத்தம் வேணுமா? இன்னைக்கே வாரேன் தாயி" என்று கத்திவிட்டு அந்த மனிதர் ஸ்டேஷனுக்கு ஓடினார். மகள் பிழைத்தாள். பிறகொரு நாள் அவளையே கூட்டிவந்து எங்களுக்குக் காட்டினார்.

அதற்குள் பங்களாக்காரர் புகாரில் கோமதி அவர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. விசாரணையில், அந்தச் சீட்டு காலையிலிருந்தே காத்துக் கிடந்தது என்று சொல்ல ஒரு சாட்சி போதும். அந்தச் சாட்சி நான்தான். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன் சார், எதையும் பாக்கல" என்றேன். அவர் பணிப் பதிவேட்டில் 'விதி மீறல்' ஏறியது. பதவி உயர்வு நின்றுபோனது. வெளியே வந்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"டீ நல்லா இருந்துச்சா அண்ணாச்சி?"

காலம் ஓடியது. என் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தாள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க நடுவில் ரூட்டர் என்றொரு பெட்டி உண்டாம். செய்திகள் பாக்கெட் பாக்கெட்டாக வருமாம். பாக்கெட் என்றதும் நான் பாலைத்தான் நினைத்தேன்.

"நாலு பக்கமிருந்து வந்து ஒரே வாசல்ல முட்டும்ப்பா. பெரிசையே விட்டுக்கிட்டிருந்தா சின்னது அங்கனயே கெடந்து சாவும். அதனால காக்க காக்க அதுக்கு மார்க் ஏறும். ஏறிட்டா அதுதான் முன்னால போகும்" என்றாள். அதுதான் அவள் புராஜெக்ட்.

மறுநாளே கோமதி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உடம்பு முடியாமல் படுக்கையிலிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒங்க மவ எழுதுனா பட்டம், நான் எழுதுனா மெமோவா?"

சிரித்தோம். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன், காப்பி வேண்டும் என்றுதான் வந்தது.

நேற்று இரங்கல் கூட்டத்தில் ஒரு அதிகாரி, "ஒருநாளும் விதியை மீறாதவர்" என்று புகழ்ந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

விசாரணையில் ஒன்று, காப்பி குடித்த அன்று ஒன்று, நேற்று ஒன்று. நான் தள்ளிவைத்த உண்மைக்கு மூன்று கோடு விழுந்துவிட்டது. இனி அதை எவரும் முந்த முடியாது.

ஆகவே இதைப் படிக்கும் எல்லோருக்கும், அந்த அதிகாரிக்கும் சொல்கிறேன். கோமதி அவர்கள் விதியை மீறினார். தெரிந்தே மீறினார். நான் டீ குடிக்கப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் பதிவேட்டில் உள்ள வரியை அழிக்க வேண்டாம். கீழே சாட்சி என்று என் பெயரை எழுதுங்கள். மெமோ அனுப்புவதானால் தென்காசிக்கே அனுப்புங்கள், வீட்டில்தான் இருக்கிறேன்.

போய் வாருங்கள் கோமதி அம்மா. பென்சிலை நான் வைத்துக்கொள்கிறேன்.