ஆக்ரா கோட்டையிலிருந்து தாஜ்மஹாலைப் பார்க்கப் போனது

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளானோவிலிருந்து ஆக்ரா கோட்டைக்குப் போகத் திட்டமிடுவது எப்படி என்று பழக்கமான சில குடும்பங்கள் எங்களிடம் கேட்டிருந்தன. பெரும்பாலானவர்கள் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டு, நேரம் மிஞ்சினால் கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். போன டிசம்பரில் நாங்கள் கோட்டைக்காகவே போனோம். தாஜ்மஹாலைப் பார்க்கத்தான், ஆனால் கோட்டை மேலிருந்து. காரணத்தைச் சொல்லாவிட்டால் மற்ற விவரங்கள் உங்களுக்குப் பயன்படாது.

என் கணவருக்கு விழித்திரை நோய். முதலில் பக்கப் பார்வை போகும். நடுவில் ஒரு வட்டம் மிஞ்சும். அந்த வட்டமும் சுருங்கிக்கொண்டே வரும். மூன்று வருடமாக அவர் கார் ஓட்டுவதில்லை. காலையில் டோல்வே நெடுஞ்சாலையில் போய் அவரை ஆபீஸில் இறக்கிவிட்டுத்தான் நான் என் வேலைக்குப் போகிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டோம். டாக்டர் கணக்கு எதுவும் சொல்லவில்லை. பார்க்க நினைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

அன்று காரில் திரும்பும்போது கணவர், "தாஜ்மஹால் பாக்கணும் சுதா" என்றார். இருபது வருடத்துக்கு மேலான குடித்தனத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. ஊருக்குப் போனால் கோவையும் உறவினர் வீடுகளும்தான். வடக்கே டெல்லி விமான நிலையத்தைத் தாண்டியதில்லை.

"பக்கத்துல போய் நின்னா எனக்கு ஒரு கதவு தெரியும், இல்லாட்டி ஒரு தூணு தெரியும். கோட்டை மேல இருந்து ரெண்டரை கிலோமீட்டர். அங்கிருந்து பாத்தா மொத்தமா உள்ள வந்துரும்" என்றார். ஏற்கெனவே வரைபடத்தில் அளந்து வைத்திருந்தார்.

நம்மவர்களின் இந்தியப் பயணத் திட்டம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பிள்ளைகளின் குளிர்கால விடுமுறை, ஆபீஸில் மிச்சமிருக்கும் லீவ், ஊரில் ஒரு விசேஷம். மூன்றும் டிசம்பர் கடைசியில்தான் சேரும். எங்களுக்கு விசேஷம், நாத்தனார் கவிதாவின் மகளுக்குக் கோவையில் நிச்சயதார்த்தம். டெல்லியில் இறங்கி, மறுநாள் ஆக்ரா, அங்கே ஓர் இரவு, அடுத்த நாள் மாலை டெல்லியிலிருந்து கோவைக்கு விமானம், அதற்கடுத்த காலையில் நிச்சயம். டிசம்பர் என்றால் எங்கள் நினைவில் மார்கழி. வியர்க்காது, சுகமாக நடக்கலாம். ஏற்றம் எவ்வளவு, படிகள் எங்கே, சக்கர நாற்காலி கிடைக்குமா என்றெல்லாம் தேடித் தேடிப் படித்த நான், அந்த மாதத்தில் அங்கே கண்ணுக்கு என்ன தெரியும் என்று தேடவில்லை.

டெல்லியிலிருந்து ஆக்ரா விரைவுச்சாலையில் சுமார் 230 கிலோமீட்டர். வழக்கமாக நான்கு மணி நேரம். எங்களுக்கு ஆறு ஆனது. காலை ஆறரைக்குக் கிளம்பியபோது முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. மூடுபனி எப்போது விலகும் என்று, சிறு வயதில் டியூஷன் போய்க் கற்ற ஹிந்தியில் ஓட்டுநரிடம் கேட்டேன். "இந்த மாதத்தில் வருகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறார்கள், மேடம். இங்கே இருப்பவர்கள் பிப்ரவரியில் வருவார்கள்" என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று பின்னாலிருந்து கணவர் கேட்டார்.

"மத்தியானம் சரியாயிடுமாம்" என்றேன்.

கோட்டையின் அமர்சிங் வாசல் வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கான OCI அட்டை இருந்தால் இந்தியருக்கான கட்டணம். அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். வாசலைத் தாண்டியதும் நீண்ட ஏற்றம். கல் தளம் ஈரத்தில் வழுக்கியது. சக்கர நாற்காலி வேண்டாம் என்ற கணவர், எங்கள் மகள் மீராவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜஹாங்கீர் மஹாலின் சிவப்புச் சுவர், பத்தடி தூரத்துக்குப் போன பிறகுதான் சுவராகத் தெரிந்தது.

முகலாயப் பேரரசர் ஷாஜஹானை அவர் மகன் ஔரங்கசீப் கடைசி எட்டு ஆண்டுகள் இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்திருந்தார். அது வரலாறு. மனைவியின் கல்லறையையே பார்த்தபடி உயிர்விட்டார் என்பது வழிகாட்டிகள் சேர்த்துக்கொண்டது என்றே நினைக்கிறேன். எட்டு ஆண்டுகள் யாரும் ஒரே திசையில் பார்ப்பதில்லை. அவர் இருந்ததாகச் சொல்லப்படும் எண்கோண மாடத்துக்குள் எங்களை விடவில்லை. பக்கத்து முற்றத்தின் மதிலோரம் போய் நின்றோம்.

வெள்ளை. ஆறு இல்லை, கரை இல்லை.

கணவர் மதிலைப் பிடித்துக்கொண்டு தலையை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பினார். எதையும் இப்போது அப்படித்தான் தேடுகிறார்.

"எந்தப் பக்கம்?"

"நேரா, கொஞ்சம் வலது பக்கம். ஆனா பனிங்க. எனக்கும் தெரியல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நீ கார்லயே சமாளிச்சவதான?" என்றார், என் பக்கம் திரும்பாமல். "மீரா, உனக்குத் தெரியுதா?"

"நோ அப்பா. இட்ஸ் ஆல் வைட்."

"அம்மா சொல்லச் சொன்னாளா?"

பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் கணவர் ஆங்கிலத்தில் கேட்டார், தாஜ்மஹால் தெரிகிறதா என்று. எதுவுமே தெரியவில்லை, விடிகாலையில் எழுந்து வந்தது வீண் என்று அந்தப் பையன் அலுத்துக்கொண்டான். கணவரின் தோள்கள் தளர்ந்து இறங்கின.

"அப்ப பனிதான்" என்றார்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூடும்வரை இருந்தோம். விலகவில்லை.

அறைக்கு வந்ததும், "நாளைக்கும் மத்தியானம் வரைக்கும் நிப்போம்" என்றார். நின்றால் மாலை விமானம் கிடைக்காது. கவிதாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங் அண்ணி சொல்றீங்க? தாய்மாமன் இல்லாம தட்டு யாரு மாத்தறது? மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"பனியா இருக்குது கவிதா. இன்னிக்கு ஒண்ணும் தெரியல..."

"பனிக்காகவா? ஊட்டில பாக்காத பனியா அண்ணி? எம் பொண்ணு நிச்சயத்த விட்டுப்போட்டு எவனோ கட்டுன சமாதிய அங்க நின்னு பாக்கோணுமா?"

கண் விஷயத்தை ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. விசாரிக்க வருகிறவர்களின் அழுகையைத் தாங்க முடியாது என்பார் கணவர். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கவி, எனக்குப் பார்வை போயிட்டு இருக்குது. ஆஸ்பத்திரில ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. தெரியறப்பவே பாத்துரலாம்னு வந்தேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"சாயங்காலமும் நல்ல நேரம் இருக்குதுங்ணா" என்றாள் கவிதா. குரல் மாறியிருந்தது. "மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கறேன். நீங்க பாத்துட்டே வாங்க."

மறுநாள் மதியம் ஒன்றரைக்கு மேல் பனி மெலிந்தது. முதலில் ஆறு ஒரு கோடாக வந்தது. பிறகு அதற்கு மேலே, தரையைத் தொடாமல், சாம்பல் நிறத்தில் ஒரு குவிமாடம், பிறகு மினார்கள். படங்களில் வரும் வெண்மை இல்லை. இருபது நிமிடம் நின்றிருக்கும். கணவரின் தலை இடமிருந்து மெதுவாக வலப்பக்கம் போய், ஓரிடத்தில் நின்றது. அதன் பிறகு அசையவில்லை. மீரா எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலைக்கு மாற்றிக்கொண்ட விமானம் பனியால் மூன்று மணி நேரம் தாமதம். இருந்தும் சாயங்காலம் நிச்சயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்து விளக்கு வெளிச்சம் அவருக்குப் போதவில்லை. தட்டு மாற்றும்போது கவிதா வந்து பக்கத்தில் நின்று, அவர் கையை எடுத்துத் தாம்பாளத்தின் விளிம்பில் வைத்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

இனி உங்களுக்கானது. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை இந்தப் பயணத்தைத் தவிர்க்கப் பாருங்கள்; பிப்ரவரி நல்லது, பள்ளியில் நான்கு நாள் லீவ் கேட்டால் குடி முழுகிவிடாது. டிசம்பர்தான் முடியும் என்றால் ஆக்ராவில் இரண்டு இரவு தங்குங்கள், கோட்டைக்கு மதியத்துக்கு மேல் போங்கள், அன்றே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; கோட்டை எல்லா நாளும் உண்டு. டெல்லியிலிருந்து போய்வர இரண்டு நாளுக்குக் காருக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்தோம். கோட்டையில் படிகள் ஒன்றுபோல ஒன்று இல்லை, பல இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. வழுக்காத செருப்பு வேண்டும்.

கூட வருபவருக்குப் பார்வை குறைந்துகொண்டிருந்தால், திசையைக் காட்டிவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். என்ன தெரிந்தது, முழுசாகத் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். நான் இன்னும் கேட்கவில்லை.