முரளிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

சியாமளா அக்கா என் ஓரகத்தி. 1995இல் ரவிசந்திரனைக் கட்டிக்கொண்டு புனேவின் கசார்வாடிக்கு வந்தவர். எட்டு வருடம் குழந்தையில்லை. ஊசி, மாத்திரை, வயிற்றில் துளைபோட்டுப் பார்த்தது எல்லாம் அக்காவுக்குத்தான். ரவிசந்திரனிடம் ஒரு சொட்டு ரத்தம்கூட யாரும் எடுக்கவில்லை.

பக்கத்து ஊரான சிஞ்ச்வடில் ஒரு டாக்டரம்மாதான் முதலில் அவரிடம் ரத்தம் எடுத்தார். ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை, அதனால்தான் விந்தணு இல்லை என்றார். தம்பி இருந்தால் அவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று ரவிசந்திரன் அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர் தம்பி முரளிக்கும் எனக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுத் தட்டை அக்கா தூக்கினார். மாமியார் தர்மாம்பாள் பாய்ந்து வந்தார்.

"வைடி கீழ! உன் ராசி இவளுக்கும் ஒட்டணுமா?"

அக்கா தட்டை விடவில்லை. ரவிசந்திரன் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். தலைகுனிந்திருந்தாலும் எல்லாவற்றையும் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"முரளிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு தட்டு மாத்தலாம் அத்தை" என்றார் அக்கா. " குறை எங்கிட்ட இல்ல. உங்க மூத்த மகன்கிட்ட இருக்கு."

"என் வம்சத்துல குறையா?"

"அந்த ஒய் குரோமோசோம் அப்பன்கிட்டருந்து மகனுக்குப் போறதாச்சே. மத்த குரோமோசோம் எல்லாம் ஜோடியா இருக்காம். ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணைப் பாத்துத் தெச்சுக்குமாம். இது ஒண்டி. பல கோடி வருஷமா தேஞ்சுகிட்டே வந்திருக்காம்."

"அப்ப ஆம்பளைங்க கூட்டமே காலியாயிடுமா?" என்றார் என் சித்தப்பா. சிலர் சிரித்தார்கள்.

"அதுக்கு இன்னும் காலம் கெடக்கு. இந்தப் பொண்ணு நாளைக்கே போய் என்னை மாதிரி ஊசிக்குப் படுக்கணும்ல?"

சிரிப்பு நின்றது. முரளி எழுந்தார். "எந்த டாக்டர் அண்ணி?"

அன்று தட்டு மாறவில்லை. முரளிக்கும் அதே துண்டு இல்லையென்று முடிவு வந்தது. அவர்கள் அப்பாவுக்கும் அப்படி இருந்திருக்கலாம், வயது ஏற ஏறத்தான் விந்தணு குறையும், அவருக்கு இளவயதிலேயே பிள்ளைகள் பிறந்ததால் தெரியாமல் போயிருக்கும் என்றாராம் டாக்டரம்மா.

முரளியே எங்கள் வீட்டுக்கு வந்து, "வேற இடம் பாருங்க" என்றார். என் அப்பா தலையாட்டினார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து முதல்முறையாக அவரிடம் பேசினேன்.

"எனக்குச் சம்மதம். ஆனா குழந்தைக்குன்னு என் உடம்புல ஒரு ஊசி விழக் கூடாது. உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லணும்."

சொன்னார். கல்யாணம் நடந்தது. மாமியார் அக்காவிடம் பேசவில்லை. ரவிசந்திரனும் பல மாதம் பேசவில்லை. அக்கா அதன்பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.